நூற்றெண்பத்தாறு பவுண்டு

முதலில் தட்டினாள்,
நான் தலைவைத்துப் படுக்கும் சுவரில்
சாண் தள்ளிச் சாண் தள்ளி,
டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல.
உள்ளே மரச்சட்டம் எங்கே நிற்கிறதென்று
தேடுகிறாள் என எனக்கெப்படித் தெரியும்?
காலை பத்து மணி.
ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஈரப் போர்வை அள்ளியவனுக்கு அது நடுச்சாமம்.

பிறகு டிரில்லர்.
தலைமாட்டுக் காலண்டர்
அக்டோபரோடு சேர்ந்து என்மேல் விழுந்தது.

பாம்பின் பெயரை வைத்துக்கொண்ட ஊர்,
மொன்டானாவில். பாம்பு பார்த்ததில்லை.
புகைவிடுவதை நிறுத்திக்கொண்ட ஒரு புகைபோக்கி
குன்றின்மேல் நிற்கிறது.
அதன் கீழே, ஒரே சுவரை
இரண்டு குடித்தனம் பங்குபோடும் வீடுகள்.
இங்கே தும்மினால் அங்கே நூறு சொல்வார்கள்.

மூன்றாம் நாள் வேறு சத்தம்.
தடக்.
சற்றுப் பொறுத்து, தடக்.
நாற்பதுவரை எண்ணிவிட்டு
செருப்பைத் தேடினேன்.

கதவைத் திறந்த வெர்னா கோஸ்டெலிச்
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
என் பைஜாமாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்,
கணக்குப் போட்டுவிட்டாள்.
"உங்கள் எடை எவ்வளவு, மிஸ்டர் பிரெக்கி?"

நூற்றெண்பத்தாறு, என்றேன்.

இடித்த பள்ளிக்கூடத்தின் கதவொன்று
அவள் அறையில் மல்லாந்து கிடந்தது, மேசையாக.
கால்கள் ஒவ்வொன்றும் வேலிக்கம்பக் கனம்.
குமிழ் இருந்த ஓட்டையை அவள் அடைக்கவில்லை;
எரிந்து தீர்ந்த பிரைமர்கள் அதன் வழியே
காப்பி டப்பாவுக்குள் உதிர்ந்தன, தகரத்தில் தூறலாய்.
முன்விளிம்பில் இரும்பு அழுத்தி.
அதன் நெம்புகோலை இறக்கும்போதெல்லாம்
மேசை முன்னங்காலில் மண்டியிடப் பார்க்கும்,
பின்னங்காலைத் தூக்கும்.
அதைத் தடுக்கத்தான் சுவரோடு போல்ட்.
அதனால்தான் என் தூக்கத்தில் தடக்.

நான்கு போல்ட்டையும் கழற்றினாள்.
மேசையைக் கையகலம் முன்னால் இழுத்தாள்.
"பின்னால் ஏறி உட்காருங்கள். பேசக்கூடாது."

உட்கார்ந்தேன்.
ஐம்பத்தொரு வயதில்
வெறும் எடையாக இருப்பது
எவ்வளவு நிம்மதி.

மின்விசிறியை நிறுத்தினாள், ரேடியோவையும்.
பித்தளை உறைக்குள் போகும் மருந்தை
சின்னத் தராசில் நிறுத்தாள்.
நான் மூச்சுவிட்டதில் முள் நடுங்கியது.
முறைத்தாள். மூச்சைப் பிடித்தேன்.
ஒரு சிட்டிகை சிந்தாமல் இருக்க
ஒரு பள்ளிக் கதவு, எட்டுக் கட்டை,
ஓர் ஆள்.

எத்தனை மான், என்று அப்புறம் கேட்டேன்.
"வருஷத்துக்கு ஒன்று. ஒரு தோட்டா."
மற்ற பத்தொன்பது?
"அந்த ஒன்று எதுவென்று யாருக்குத் தெரியும்?"

மறுநாள் மணல் மூட்டை வந்தது.
அடித்தட்டில், பின்பக்கம்,
அச்சாக நூற்றெண்பத்தாறு பவுண்டு.
அன்று கல்லாய்த் தூங்கினேன்.

வியாழக்கிழமை அவளே வந்து நின்றாள்.
பின்னங்கால் இன்னும் எழும்புகிறதாம்,
ஒரு நாணயத்தின் கனத்துக்கு.
தரையைப் பார்த்தாளாம், மட்டம் சரி.
திருகுகளை முறுக்கினாளாம், சரி.
"நீங்கள் இருந்தபோது அசையவில்லையே."

சலவைக்கூடத்தில் மூட்டை நிறுக்கும் மேடையில்
திங்கள்தோறும் ஏறி இறங்குபவன் நான்.
எனக்குத் தெரியும் எங்கே தவறென்று.
அதிகாரியிடம் பேசுவதுபோல்
வாசல்படியைப் பார்த்துச் சொன்னேன்:
இருநூற்றொன்று.

சிரிக்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.
தேதி, உறை, மருந்து என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில்
பென்சிலில் என் பெயர், எதிரே 186.
அழிக்காமல், ஒற்றைக் கோடு கிழித்து
மேலே சரியான எண்ணை எழுதினாள்.
தன் முதலெழுத்தைப் போட்டுவிட்டு
நோட்டை என்னிடம் நீட்டினாள்,
நானும் போட.